புரையும் கருவிழியும் ஒரே நாளில்: செய்துகொண்டவர்கள் யாராவது உண்டா?

கேள்வி, 12 ஆகஸ்ட் 2023

அப்பாவுக்கு 67 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். வலது கண்ணில் புரை முத்திவிட்டது. அந்தக் கண்ணில் கருவிழியும் கெட்டிருக்கிறதாம். கருவிழியை மாற்றி, அதே நேரத்தில் புரையையும் எடுத்து லென்ஸ் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஒரே கண்ணில் ஒரே நாளில் இத்தனையுமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். "புரையை மட்டும் எடுங்க, மத்தது அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறார் மாமா. செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

13 ஆகஸ்ட் 2023

நான் செய்துகொண்டவள். வலது கண்ணில் எல்லாம் ஒரே நாளில், 2021 பிப்ரவரியில். இடது கண்ணில் புரை மட்டும், 2022-ல். என்னைக் கேட்டால் தனித்தனியாகச் செய்வதே மேல். ஒன்றாகச் செய்த கண்ணில்தான் லென்ஸ் பவர் தப்பிப்போனது. திருப்பூரில் தையல் கடை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டிருக்கிறேன், போதுமா?

13 ஆகஸ்ட் 2023, இரவு

மேலே இருப்பது கடுப்பில் எழுதியது. அதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். முழுக்கதையையும் எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது ஃபூக்ஸ் என்கிற வியாதி. வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் என்ற கண் டாக்டர் 1910-ல் எழுதிவைத்ததால் அந்தப் பெயர். கருவிழியின் உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள், தரையில் ஓடு பதித்த மாதிரி இருக்கும். கருவிழிக்குள் ஊறுகிற தண்ணீரை ஓயாமல் இறைத்துக்கொண்டிருப்பது அவற்றின் வேலை. இறைத்தால்தான் கருவிழி கண்ணாடி மாதிரி இருக்கும். செத்த செல்லுக்குப் பதில் இன்னொன்று முளைக்காது. இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3000-ஐ ஒட்டி இருப்பது, 500 பக்கம் இறங்கிவிட்டால் கருவிழி நமத்த அப்பளம்தான்.

காலையில்தான் மோசமாக இருக்கும். தூங்கும்போது இமை மூடியிருக்கிறது, கண்ணின் ஈரம் காற்றில் உலராது, ஊறின நீர் உள்ளேயே நிற்கும். ஐந்தரைக்கு வாசலில் கோலம் போடக் குனிந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மாவைக் கொட்டினாற்போல் தெரியும். பத்து மணிக்கு மேல் தானாகத் தெளிந்துவிடும். இரண்டு வருஷம் இதைத் தூக்கக் கலக்கம் என்றே நினைத்தேன். "என்னங்கக்கா, இப்பல்லாம் புள்ளிக்கணக்கு தப்புது" என்று எதிர்வீட்டுப் பெண் சொன்ன அன்றுதான் உறைத்தது. என் அம்மாவும் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தவர். குடும்பத்தில் ஓடுகிற வியாதி இது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்றார் டாக்டர்.

அந்தச் செல்களை எண்ணுகிற ஸ்பெகுலர் படம் எடுத்தார்கள். தேன்கூடு மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கறுப்பாக ஓட்டை. வலதில் 700 சொச்சம், அதுவும் உறுதியாக எண்ண முடியவில்லை என்றார்கள். கருவிழியின் தடிமன் 640 மைக்ரானைத் தாண்டியிருந்தது. சாதாரணமாக 540 பக்கம் இருக்குமாம். இடதில் 1600. இரண்டிலும் புரை.

புரையை எடுக்கும்போது உள்ளே கருவி சுற்றுகிறது, தண்ணீர் ஓடுகிறது. நல்ல கண்ணிலேயே கொஞ்சம் செல் போகும். 700 வைத்திருப்பவளுக்கு அந்தக் கொஞ்சமே மிச்சத்தை முடித்துவிடும். புரையை மட்டும் எடுத்திருந்தால் என் வலது கண் ஆபரேஷனுக்குப் பிறகு தெளிவதற்குப் பதில் வெள்ளைப் பூத்துப்போயிருக்கும், அடுத்த ஆறு மாதத்தில் கருவிழிக்காக மறுபடி போய்ப் படுத்திருப்பேன். ஆக, ஒன்றாகச் செய்தது சரி. தப்பிப்போனது பவர் மட்டும். கலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

மாமாவின் யோசனைப்படி புரையை மட்டும் எடுப்பதற்கு முன்னால் அப்பாவின் செல் கவுண்ட் எவ்வளவு என்று கேளுங்கள், தம்பி.

14 ஆகஸ்ட் 2023

மேலே "காலையில் இரண்டையும்" என்று இருக்க வேண்டியது "கலையில்" என்று விழுந்திருக்கிறது. தையல் ஒரு கலைதானே, இருக்கட்டும்.

16 ஆகஸ்ட் 2023

"கண்ணையே மாற்றினார்களா" என்று கேட்டவருக்கு: இல்லை. பார்வை வருவதற்காக முழுக் கண்ணை யாரும் யாருக்கும் மாற்றுவதில்லை. முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழி மட்டும்தான். எனக்கு அதுவும் முழுசாக இல்லை.

தையல்காரி பாஷையில் சொல்கிறேன். லைனிங் வைத்த பிளவுஸ். மேல்துணி நன்றாக இருக்கிறது, உள் லைனிங் நைந்துவிட்டது. பழைய முறையில் மேல்துணி, லைனிங் எல்லாவற்றையும் சேர்த்து வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவர் தந்த கருவிழியிலிருந்து அதே அளவு வட்டத்தை வெட்டிச் சுற்றிலும் தைப்பார்கள். எனக்குச் செய்தது டிமெக். லைனிங்கை மட்டும் உரித்து எடுத்துவிட்டுப் புது லைனிங்கை உள்ளே விடுவது. ஹாலந்தில் கெரிட் மெல்லஸ் என்பவர் 2006-ல் தொடங்கிவைத்தது. அந்த லைனிங்கின் தடிமன் 15 மைக்ரான் பக்கம்தான். தையலே கிடையாது. உள்ளே காற்றோ கேஸோ அடைத்துக் குமிழியால் மேல்நோக்கி அழுத்தி ஒட்டவைக்கிறார்கள்.

உரித்த சவ்வு தானாகச் சுருண்டுகொள்ளும். பனியன் துணியை வெட்டிப் போட்டால் ஓரம் சுருட்டிக்கொள்வதைத் திருப்பூரில் எல்லாரும் பார்த்திருப்போம், அதே சுபாவம். நீலச் சாயம் ஏற்றி, கண்ணுக்குள் விட்டு, வெளியிலிருந்து தட்டித் தட்டியே விரிக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, இளவயதுக்காரர் தந்த சவ்வு கூடுதலாகச் சுருளுமாம். இந்த வேலைக்கு 50 தாண்டியவர் தந்ததே வசதி. "வயசானவங்க கண்ணை யார் வாங்குவாங்க" என்று கண் தானத்துக்குக் கையெழுத்துப் போடாமல் இருக்கிறவர்கள் கவனிக்கவும். புரை ஆபரேஷன் ஆனவர்களும், கண்ணாடி போடுகிறவர்களும், சர்க்கரைக்காரர்களும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட்டு, இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்தால் போதும்.

பக்கத்து வீட்டு ஆயா என்னிடம் கேட்டது வேறு: "ஆம்பளை கண்ணா, பொம்பளை கண்ணா? அவங்க பார்த்ததெல்லாம் உனக்குத் தெரியுதா?" தெரிந்திருந்தால் சீட்டுக் கம்பெனி ஆரம்பித்திருக்க மாட்டேனா.

17 ஆகஸ்ட் 2023

பவர் கதை.

லென்ஸ் வைக்கும் முன் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து கணக்குப் போடுவார்கள். வீங்கிப்போன கருவிழியை அளந்தால் அளவே பொய். ஈரத்தில் அளந்த காடாத்துணி காய்ந்ததும் சுருங்குகிற மாதிரி, புது லைனிங் வேலை செய்து வீக்கம் வடிந்ததும் கருவிழியின் பின்பக்க வளைவு மாறும். கண் பிளஸ் பக்கம் நகரும், அதாவது கிட்ட இருப்பது மங்கும். டிமெக் செய்தால் அரையிலிருந்து முக்கால், ஒன்று வரை நகர்வது சகஜம், அதற்காகவே முன்கூட்டி மைனஸ் வைத்துக் கணக்குப் போடுவார்கள். எனக்கும் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் +0.75.

தூரம் நன்றாகத் தெரிகிறது. பஸ் நம்பரைக் கடைசி வீட்டிலிருந்தே படிப்பேன். எனக்கு எதற்குப் பஸ் நம்பர்? காலையிலிருந்து ராத்திரி வரை என் உலகம் ஒன்றரை அடியில் முடிகிறது. காஜாவும் ஹெம்மிங்கும் அந்தத் தூரத்தில்தான். மிஷினில் பாபின் மாட்டும்போது கண்ணாடி, தலை நிமிர்ந்து வாடிக்கையாளரைப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்று, மறுபடி மாட்டு.

அந்த மருத்துவமனையில் ஒருத்தரும் "நீங்க என்ன வேலை செய்யறீங்க" என்று கேட்கவில்லை. லென்ஸ் விளக்குகிற பெண் மூன்று விலைப் பட்டியலைக் காட்டினாள். தூரம், கிட்டம் எல்லாம் தெரிகிற மல்டிஃபோகல் பெரிய விலையில் இருந்தது. ஃபூக்ஸ் இருக்கிற கண்ணுக்கு அது வேண்டாம் என்று டாக்டரே அப்புறம் வந்து தடுத்தார். ஏற்கெனவே மங்கல் இருக்கிற கண்ணில் வெளிச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் இருக்கிற தெளிவும் போகும். அந்த மட்டில் அவருக்குக் கும்பிடு.

18 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியது மனசை உறுத்திக்கொண்டே இருந்ததால் பீரோவைத் திறந்து பழைய ஃபைலை எடுத்தேன். சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று இருக்கிறது. என் மகனின் கையெழுத்து. கவுண்டரில் வரிசையில் நின்று அவசரத்தில் எழுதியிருக்கிறான். முப்பது வருஷம் அந்த மிஷினை மிதித்துத்தான் அவனுடைய இன்ஜினியரிங் ஃபீஸைக் கட்டினேன்.

ஆக, மருத்துவமனையை மட்டும் திட்டிப் பயனில்லை. படிவத்தைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன். படிக்கக் கண் தெரியவில்லை என்பது வேறு கதை.

இடது கண்ணுக்குப் போனபோது நானே பேனாவை வாங்கி "தையல், தினம் 10 மணி நேரம்" என்று எழுதினேன். டாக்டர் சிரித்துவிட்டு லென்ஸை மைனஸ் 2-க்கு வைத்தார். 1600 செல் இருந்ததால் புரையை மட்டும், கெட்டியான பாதுகாப்பு ஜெல் போட்டுப் பதமாக எடுத்தார். இப்போது இடது கண் ஊசிக்கு, வலது கண் பஸ்ஸுக்கு. மூளை பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆனது. இதை முதல் கண்ணுக்கு முன்பே பேசியிருந்தால் எந்தக் கண் எதற்கு என்று நிதானமாக வைத்திருக்கலாம். என் அதிர்ஷ்டம், தானாக ஒத்துவந்தது.

20 ஆகஸ்ட் 2023

தம்பி இப்போதுதான் அப்பாவின் ரிப்போர்ட்டைப் போட்டிருக்கிறார். ஐயோ. நான் எழுதின பாதிக்கு மேல் அவருக்குப் பொருந்தாது.

எட்டு வருஷம் முன்னால் களத்தில் நெல் தூற்றும்போது உமி விழுந்து, காளான் தொற்றாகிப் புண்ணாகி, ஆறித் தழும்பாக நின்றிருக்கிறது. மேல்துணியிலேயே, நட்டநடுவில், முழு ஆழத்துக்கு. இதற்கு லைனிங் மாற்றி என்ன செய்வது? பழைய முறைதான், முழு வட்டத்தையும் வெட்டித் தைப்பது. பி.கே. என்பார்கள். அதோடு புரை எடுப்பதும் லென்ஸ் வைப்பதும் சேர்ந்தால் "டிரிப்பிள்". டாக்டர் சொன்னது அதைத்தான்.

செல் கவுண்டைக் கேளுங்கள் என்று 13-ந்தேதி சொன்னதையும் திருத்துகிறேன். வெள்ளைத் தழும்புக்குப் பின்னால் அந்தப் படமே சரியாக விழாது. இவர் விஷயத்தில் கேட்க வேண்டியவை வேறு. தழும்புக்குள் சிவப்பு ரத்தக்குழாய் ஓடியிருக்கிறதா? ஓடியிருந்தால் உடம்பு புதுக் கருவிழியை எதிர்க்க வாய்ப்பு அதிகம். கெட்டி கான்டாக்ட் லென்ஸை வைத்துப் பார்த்தார்களா? அதில் பார்வை நன்றாக ஏறினால் மேடுபள்ளம்தான் பிரச்சினை, மாற்றாமலே ஓட்டலாம். தழும்பு ஓரமாக இருந்திருந்தால் மாமா சொல்கிற மாதிரி புரையை மட்டும் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. நடுவில் இருப்பதால்தான் டாக்டர் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. புரையை எடுக்கவே உள்ளே கண் தெரிய வேண்டுமே, தழும்பு ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே.

22 ஆகஸ்ட் 2023

பி.கே.யோடு லென்ஸ் வைப்பதில் பவர் கணக்கு என்னுடையதைவிட மோசம். எனக்காவது அளக்க ஒரு கருவிழி இருந்தது. இவருக்கு வரப்போவது யாருடையது, தைத்து முடித்தபின் என்ன வளைவில் நிற்கும் என்று முன்கூட்டி யாராலும் அளக்க முடியாது. அந்த டாக்டரின் பழைய நோயாளிகளுக்குச் சராசரியாக என்ன வந்தது என்று பார்த்து, அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். மற்றவர்களுக்கு எடுத்த அளவை வைத்து எனக்கு ஜாக்கெட் தைப்பது போல.

அதனால் சில டாக்டர்கள் முதலில் கருவிழியை மட்டும் மாற்றி, ஒன்றரை வருஷம் கழித்துத் தையலெல்லாம் பிரித்து வளைவு நிலைத்தபின் புரையை எடுத்து, சரியாக அளந்த லென்ஸை வைப்பார்கள். பவர் துல்லியமாக வரும். பதிலுக்கு, அதுவரை புரையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பு புதுக் கருவிழியை எதிர்க்காமலிருக்கப் போடுகிற ஸ்டீராய்டு சொட்டு புரையை இன்னும் வேகமாக முத்தவைக்கும். இரண்டாவது ஆபரேஷனில் புதுக் கருவிழியின் செல்களும் கொஞ்சம் போகும். 67 வயதில், புரை ஏற்கெனவே முத்திய நிலையில், ஒன்றாக முடித்துவிட்டுப் பவர் மிச்சத்தைக் கண்ணாடியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது என் கட்சி. ஆமாம், 13-ந்தேதி காலையில் இதற்கு நேர் எதிராக எழுதியவளும் நானே.

வட்டத்தை வெட்டி எடுத்ததும் புதியதை வைத்துத் தைக்கிற வரை கண் திறந்தே கிடக்கும். அந்தச் சில நிமிடங்களில் இருமலோ அழுத்தமோ வந்தால் உள்ளே ரத்தம் பெருக்கெடுக்கிற அபாயம் அரிதானாலும் உண்டு. அப்பாவுக்குப் பீடி இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த அழுத்தமும் அடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இடது கண்ணின் பவர் என்ன? இரண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் வந்துவிட்டால் ஒரே கண்ணாடிக்குள் சேராது. தொழில் என்ற இடத்தில் "விவசாயம்" என்று எழுதினால் போதாது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடந்து மடை திறக்கிறாரா, டிவிஎஸ் ஓட்டுகிறாரா, டீக்கடையில் பேப்பர் படிக்கிறாரா, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

23 ஆகஸ்ட் 2023

பவர் தப்பியதற்கு நான் மட்டும் அழவில்லை. கண்ணுக்குள் முதன்முதலில் லென்ஸ் வைத்த ஹெரால்ட் ரிட்லிக்கும் அதே கதிதான். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடிச் சில்லை, அதாவது பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கை, கண் சும்மா விட்டுவைப்பதைக் கவனித்தவர் அவர். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் வைத்தார். லென்ஸ் உட்கார்ந்தது, பவரோ பலத்த மைனஸில் போய் நின்றது.

கருவிழி மாற்று அதற்கும் முந்தியது. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டு ஓலமோட்ஸ் ஊரில் எட்வர்ட் சிர்ம் செய்தது. சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்த ஒரு கூலிக்காரருக்கு இரண்டு கண்ணிலும் வைத்தார், ஒன்று தெளிவாக நின்றது. சுண்ணாம்பு என்றதும் எனக்கு வெற்றிலைப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்த டப்பாவையும் பாக்கெட்டையும் பரணில் வையுங்கள். அழுத்தினால் நேரே கண்ணில்தான் பீச்சும்.

நம் ஊரிலும் இது புதிதல்ல. சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் 1945-லேயே கண் வங்கி வந்துவிட்டது, 1948-ல் டாக்டர் முத்தையா கருவிழி மாற்றினார், இந்தியாவில் முதலாவது. லென்ஸும் ஒரு காலத்தில் வெளிநாட்டு விலைதான். 1992-ல் மதுரையில் ஆரோலேப் செய்ய ஆரம்பித்தபிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது. அதற்கு முன் புரை எடுத்தவர்கள் சோடா பாட்டில் கண்ணாடியோடு அலைந்தார்கள், என் தாத்தா உட்பட.

2 செப்டம்பர் 2023

கோத்தகிரிக்காரர் ஒருவர் கேட்டது முக்கியமானது. டிமெக் கோவையில், வீடு மலைமேல், மூன்றாம் நாள் காரில் ஏறிப் போகலாமா என்கிறார்.

உள்ளே குமிழி இருக்கும்வரை மேலே போகும் முன் டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும். கோவை 400 மீட்டர் பக்கம், கோத்தகிரி 1800 பக்கம். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், சிப்ஸ் பாக்கெட் உப்புகிற மாதிரி கண்ணுக்குள் இருக்கிற குமிழியும் உப்பும், கண் அழுத்தம் ஏறும். விமானமும் அதனால்தான் கூடாது என்கிறார்கள். எனக்குக் கேஸ் கரைய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. குமிழியின் விளிம்பு ஒரு வளைகோடாகத் தெரியும். கொத்தனார் ரசமட்டத்தில் ஆடுமே, அந்த மாதிரி தலையை அசைத்தால் ஆடும்.

அந்த நாட்களில் மல்லாக்கப் படுத்து உத்தரத்தைப் பார்ப்பது ஒன்றே வேலை. அப்படியும் ஐந்தாம் நாள் ஓரம் பிரிந்துவிட்டது என்று மறுபடி காற்று அடைத்தார்கள். பத்து நிமிஷ வேலை. டிமெக் செய்துகொள்பவர்களில் கணிசமானவர்களுக்கு இது நேர்வதுதான் என்று முன்னாடியே சொல்லியிருந்தால் நான் அப்படி அழுதிருக்க மாட்டேன். முதல் ராத்திரி பலத்த வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் காலை வரை காத்திருக்காதீர்கள், கண்ணுக்குள் நீர் ஓடுகிற பாதையைக் குமிழி அடைத்துக் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

5 செப்டம்பர் 2023

ஆகஸ்ட் 17-ல் லென்ஸ் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன், மதுரையிலிருந்து ஒரு மருந்தாளுநர் பிடித்துவிட்டார். மடிக்கிற லென்ஸில் தண்ணீரை உறிஞ்சும் வகை ஒன்று, உறிஞ்சாத வகை ஒன்று. உறிஞ்சும் வகை விலை குறைவு. ஆனால் பின்னாளில் கண்ணுக்குள் காற்றோ கேஸோ அடைத்தால் அதன்மேல் சுண்ணச்சத்து படிந்து வெள்ளையாகிவிடுவது உண்டு. கருவிழி லைனிங் மாற்ற வேண்டியவர்கள், பிற்பாடு வேண்டியிருக்கலாம் என்கிறவர்கள், உறிஞ்சாத வகையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆபரேஷன் அன்று கொடுத்த ஸ்டிக்கர் அட்டையைத் தேடி, கடைசியில் பட்டுப்புடவை மடிப்புக்குள் கண்டுபிடித்தேன். உறிஞ்சாத வகைதான். அட்டையைத் தூக்கிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

19 அக்டோபர் 2023

தம்பியின் அப்பாவுக்கு டிரிப்பிள் முடிந்தது. 16 தையல், 10-0 நைலான். தலைமுடியைவிட மெல்லிய நூல். பெரியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு "சூரியன் வரைஞ்ச மாதிரி இருக்கு" என்றாராம். மூன்றாம் நாளே பார்வை எங்கே என்று கேட்கிறாராம். அவரிடம் சொல்லுங்கள், என்னுடையது ஒரு மாதத்தில் தெளிந்தது, அவருடையது வருஷக்கணக்கு. தையல் இழுக்கிற இழுப்பில் கருவிழி ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். சில மாதம் கழித்து எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தத் தையலை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். சுருக்கு விழுந்த பிளவுஸில் நாங்கள் செய்வதும் அதுதான்.

15 நவம்பர் 2023

தீபாவளி முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்கிறேன். ஒரு வெட்கக்கேடு சொல்ல வேண்டும்.

கடைசி எட்டு நாள் கடையில் விடிய விடிய வேலை. ராத்திரி போட வேண்டிய ஸ்டீராய்டு சொட்டை நாலைந்து நாள் விட்டுவிட்டேன். இரண்டரை வருஷம் ஆகிவிட்டதே என்ற தைரியம். பண்டிகை அன்று காலை வலது கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசியது. மத்தாப்பு வெளிச்சம் என்று நினைத்தேன். மறுநாள் லேசாக மங்கியது. பழைய காலைக் கோலம் கண்முன் வந்துவிட்டது, பஸ் பிடித்து ஓடினேன். உடம்பு எதிர்க்க ஆரம்பித்திருக்கிறது, சீக்கிரம் வந்தீர்கள் என்றார்கள். மணிக்கு ஒரு தரம் பிரெட்னிசலோன் சொட்டு. இன்று பரவாயில்லை. டிமெக்கில் இந்த எதிர்ப்பு ரொம்பக் குறைவு, பி.கே.யில் அதைவிட அதிகம். சிவப்பு, கூச்சம், மங்கல், வலி: நாலில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும் என்று என் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. எனக்கு மூன்று வந்துவிட்டது, நான் ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன்.

16 நவம்பர் 2023

"அந்தச் சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றுமாமே, நிறுத்திவிடலாமா" என்கிறார் ஒருவர். ஏற்றும்தான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்க்கிறார்கள், ஏறினால் மென்மையான மருந்துக்கு மாற்றுகிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நேற்று எழுதியதைப் படித்துவிட்டா இந்தக் கேள்வி?

9 ஜூன் 2024, மாலை

தம்பி, நீங்கள் மதியம் எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். அப்பா இரண்டு நாளாக "கண்ணில் உமி விழுந்த மாதிரி உறுத்துது" என்கிறார், வயலுக்குப் போனதால் தூசி விழுந்திருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவினோம் என்கிறீர்கள். எட்டு மாதம் ஆன தையல் தளர்ந்து நுனி வெளியே வந்தாலும் அப்படியேதான் உறுத்தும். தளர்ந்த நூல் வழியாகக் கிருமி உள்ளே போகும், அதைச் சாக்கிட்டு உடம்பும் எதிர்க்க ஆரம்பிக்கும். நாளைக் காலை வேண்டாம், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இனிமேல் கழுவாதீர்கள், கசக்கவும் விடாதீர்கள்.

10 ஜூன் 2024

தையல்தான். ஐந்து மணி திசையில் ஒன்று தளர்ந்து, அதைச் சுற்றிச் சளி கோத்துக்கொண்டிருந்ததாம். உட்காரவைத்துச் சொட்டு மருந்தில் மரக்கச் செய்து, இடுக்கியால் நிமிஷத்தில் உருவிவிட்டார்கள். கிருமிநாசினிச் சொட்டு ஒரு வாரம். இத்தோடு மூன்று போயிற்று, பதின்மூன்று பாக்கி.

பெரியவர் அந்த நூலைக் காட்டச் சொல்லி, டாக்டரின் கையுறைமேல் பார்த்துவிட்டு, "எங்கே, ஒண்ணும் தெரியலையே" என்றாராம். கிட்டப் பார்க்க இன்னும் கண்ணாடி போட்டுக்கொடுக்கவில்லை, அதனால்தான். அவரிடம் சொல்லுங்கள், முப்பது வருஷம் நூலோடு கிடந்த எனக்கும் அது தெரிந்திருக்காது.

மைக்ராஸ்கோப் படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள். முடிச்சை எப்படி உள்ளே புதைக்கிறார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.